ஜோடிக்காப்பு

அம்மாவுக்குச் சர்க்கரை இறங்குவது அம்மாவுக்கே தெரிவதற்கு முன்னால் லூர்து அத்தைக்குத் தெரிந்துவிடும். இசக்கியால் சகிக்க முடியாமல் போனது அதைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். இசக்கி முட்டியோடு முட்டி இடிக்கும்படி பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. பாதி குளித்த ஈரத்தலையும் அள்ளிச் சுற்றிய சேலையுமாக லூர்து அத்தை நின்றாள். கையில் ஒரு துண்டு கருப்பட்டி.

"ஏளா சம்முவக்கனி, அரிசியக் கீழ வையி. வாயத் தொற."

"எனக்கு ஒண்ணும் செய்யலியே."

"செத்த நேரத்துல செய்யும். எனக்குக் கை குளுந்துட்டு. தொறங்கேன்."

அம்மா வாயைத் திறந்தாள். கருப்பட்டி கரைந்து முடிவதற்குள் அவள் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை அரும்பியது. விரல்கள் லேசாக உதறி, பிறகு அடங்கின. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். களவும் கற்று மறந்த இரண்டு பேர் சிரிக்கிற சிரிப்பு.

"என்ன மருமவளே, முட்டி இடிக்க ஒக்காந்திருக்க, ஒனக்குத் தெரியலியா?" என்றாள் லூர்து அத்தை. விளையாட்டாகத்தான் சொன்னாள். மகன் இல்லாதவள். ஆனாலும் இசக்கி பிறந்த நாளிலிருந்து அவளுக்கு மருமகள்தான்.

இசக்கி அடுத்த நெத்திலியைத் தலையோடு சேர்த்து உடம்பில் பாதியையும் கிள்ளி எறிந்தாள்.

எத்தனையோ காலமாக அம்மாவுக்கு அவள்தான் ஊசி போடுகிறாள். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த பாதத்தை ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்து எண்ணெய் போடுகிறாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா அடுப்படியில் கண் செருகிக் கிடந்ததைப் பார்த்தவள் அவள். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் இறங்கவில்லை. தூங்கும்போதுகூட அம்மாவின் சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். அப்பா வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டு கோவில்பட்டிப் பக்கம் போன பிறகு, அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் அந்த நுனிதான்.

அவளைவிட லூர்து அத்தை எந்த விதத்தில் உசத்தி? ஒரு விதத்தில்தான். அவள் கையில் காப்பு இருந்தது.

காப்பைக் கொண்டுவந்தது தமயந்தி சிஸ்டர். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து, உப்பளத் தெருவில் சுகர் உள்ள பெண்களை எல்லாம் சமுதாயக்கூடத்தில் உட்காரவைத்துப் பேசினாள்.

"போன தடவ குடுத்த வாட்ச் என்ன ஆச்சு?" என்று சிஸ்டர் கேட்டதும் கூடம் கலகலத்தது.

"அது கணக்கப்பிள்ள காதுல கூவுன கூவுல எம் வேல போச்சு தாயி" என்றாள் ஒருத்தி. "சுகர் உள்ளவ வெயில்ல விழுந்தா யாரு பொறுப்புன்னு மறுநாளே நிப்பாட்டிட்டாவ."

"நான் அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன்."

"இவ ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டிவிட்டா சிஸ்டர். ஆட்டுக்குச் சுகர் நல்லாருக்குன்னு ஆஸ்பத்திரில இருந்து பாராட்டி மெசேஜ் வந்துச்சு!"

சிஸ்டரும் சிரித்துவிட்டாள். பிறகு பையிலிருந்து சாம்பல் நிறத்தில் இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்தாள். பார்ப்பதற்குத் தேர்க்கடையில் விற்கிற வளையல் மாதிரி இருந்தன.

"இது கூவாது. வெளிச்சம் காட்டாது. போன் வேண்டாம், கரண்ட் வேண்டாம், கை சூட்டுலயே ஓடும். குத்தி ரத்தம் எடுக்கிற சோலியும் இல்ல. உங்க வேர்வை, நாடி, நடுக்கம் மூணையும் பார்த்தே சுகர் இறங்குதா ஏறுதான்னு கண்டுபிடிச்சிரும்."

"கண்டுபிடிச்சு யாருகிட்ட சொல்லும்?"

"இன்னொரு ஆளுகிட்ட." சிஸ்டர் ஒரு வளையத்தைத் தன் கையிலும் இன்னொன்றை முன்வரிசையில் இருந்த கிழவியின் கையிலும் மாட்டினாள். "அதான் ஜோடி ஜோடியா குடுக்கோம். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு உங்க துணைக்கு. உங்களுக்கு இறங்குனா துணையோட கை குளுந்து நடுங்கும். ஏறுனா சுட்டுக் கனக்கும். உங்க உடம்புல நடக்கிறது அவங்க கையில நடக்கும். மிஷின நம்ப மாட்டேங்கிறீங்க. ஆள நம்புவீங்கல்ல?"

அதுவரை சிரித்தவர்கள் எல்லாரும் யாரை நம்பலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு ஆள்தான். காப்பு அந்தக் கையப் படிச்சுப் பழக கொஞ்ச நாளாகும். சும்மா சும்மா மாத்தக்கூடாது. யோசிச்சுச் சொல்லுங்க."

இசக்கி கூடத்தின் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அம்மா திரும்பித் தன்னைப் பார்ப்பாள் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மா யோசிக்கவேயில்லை.

"எனக்கு லூர்து" என்றாள்.

அதில் ஊருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. உப்பளத்தில் யாரும் தன் பெட்டியைத் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. ஈர உப்பு அள்ளிய பெட்டி அந்தக் கனம் கனக்கும். எதிரில் நின்று ஒருத்தி கை கொடுத்தால்தான் அது சும்மாட்டில் ஏறி உட்காரும். அப்படிக் கை கொடுப்பவள்தான் ஜோடி. அம்மாவும் லூர்து அத்தையும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜோடி. "ஏத்து" என்று ஒருத்தி சொல்லவே வேண்டாம், மற்றவள் குனிந்திருப்பாள். புருசன் பொண்டாட்டி பிரிந்தால் ஊர் கூடிப் பேசும். ஜோடி பிரிந்தால் மட்டும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. விட்டுப்போனவளிடம் காரணம் கேட்பது கெஞ்சுவதற்குச் சமம் என்று அந்தப் பெண்களுக்குள் ஒரு வீம்பு.

அன்று வீட்டுக்கு வந்ததும் இசக்கி சண்டை பிடித்தாள்.

"ஏம்மா என் பேரச் சொல்லல?"

"நீ ஸ்கூலுக்குப் போற பிள்ள."

"ஸ்கூல் எங்க இருக்கு, டெல்லிலயா? மாடில நின்னா ஒன் பாத்தி தெரியும்."

"ஒனக்கு அது ஆகாதுட்டி."

"ஏன் ஆகாது? லூர்து அத்தைக்கு மட்டும் ஆகுமோ?"

"ஆகும்" என்றாள் அம்மா. அந்த ஒரு சொல் நெருஞ்சி முள்ளாக இசக்கியின் உள்ளே போய் உடைந்து நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் அந்த முள்ளைத்தான் அழுத்தியது. லூர்து அத்தை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "சம்முவம், இன்னும் ரெண்டு வாய் தின்னு" என்பாள். பேருந்து நிறுத்தத்தில் பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தி, அம்மாவின் கையைப் பிடித்து நிழலுக்கு நகர்த்துவாள். அம்மாவும் குழந்தை மாதிரி நகர்வாள். ஒரே வீட்டில் ஒரே பாயில் கிடக்கிற தான் அம்மாவுக்கு வெளியே நிற்பதாகவும், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் உள்ளே இருப்பதாகவும் இசக்கிக்குத் தோன்றியது. அப்பா போனபோது அம்மா சொன்னது நினைவுக்கு வரும்: "போறவன் ஒருநாள்ல போகலட்டி. கொஞ்சங் கொஞ்சமா அங்க சாப்பிட ஆரம்பிச்சான்." அம்மாவும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போய்க்கொண்டிருக்கிறாளோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒருநாள் சாயங்காலம் அவள் லூர்து அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வா மருமவளே. என்ன, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

"அத்தே... அம்மா ஒரு சங்கதி சொல்லிவிட்டா."

"சொல்லு."

"காப்பக் கழத்தி எனக்குத் தந்துரச் சொன்னா."

அத்தையின் கை தவிட்டுக்குள் நின்றுவிட்டது. "ஏன், அவளுக்கு வாயில்லியா?"

"ஒங்ககிட்ட நேர சொல்லக் கூச்சமா இருக்காம்."

"கூச்சமா? எங்கிட்டயா?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். லூர்து அத்தை எழுந்து போய்க் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். சேலையில் துடைத்துவிட்டுக் காப்பை மெல்ல உருட்டிக் கழற்றினாள். வெயிலில் கருத்த மணிக்கட்டில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"வேற என்னமும் சொன்னாளா?"

திரும்பிவிடலாம் என்றால் அதுதான் சமயம். இசக்கிக்கும் அது தெரிந்தது. "இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வேறொன்று சொன்னாள். "லூர்து அத்தைக்குக் கை மரத்துப் போவுதாம். இனிமே நம்மால முடியாதுன்னு கழத்திக் குடுத்துட்டாவ. நான் வாங்கிப் போட்டுக்கிட்டேன்."

அம்மா பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

"வேற என்னமும் சொன்னாளா?"

"இல்ல."

ஒரே கேள்வி, அதே சொற்கள்.

மறுநாள் உப்பளத்தில் அம்மாவும் லூர்து அத்தையும் தனித்தனி வரப்பில் இறங்கினார்கள். கணக்கப்பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேறு வேறு ஆளைச் சேர்த்துவிட்டார். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. இசக்கி எதை நம்பிப் பொய் சொன்னாளோ அது பொய்க்கவில்லை.

முதலில் காப்பு வெறும் ரப்பராகத்தான் கிடந்தது. பிறகு ஒருநாள் வகுப்பில் இருக்கும்போது மணிக்கட்டில் ஒரு கதகதப்பு வந்தது. அம்மா கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டிருக்கிறாள்! இசக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் "என்னடி சிரிக்க?" என்று கேட்டாள். சிரித்ததுகூட இசக்கிக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கைக்குள்ளேயே வைத்திருப்பது போல இருந்தது. இனி யாரும் கொண்டுபோக முடியாது.

அந்தச் சந்தோசம் நிலைக்கவில்லை. கதகதப்பு தணிய வேண்டிய நேரத்தில் தணியவில்லை. நாளாக ஆகச் சூடு கூடிக்கொண்டே போனது. ஊசி சரியாகத்தான் போட்டாள். சோற்றைக் குறைத்தும் பார்த்தாள். கை எந்நேரமும் வெயிலில் கிடந்த இரும்பு மாதிரி கனத்தது. சாத்திரம் பார்க்கிறவளிடம் கேட்பதுபோலத் தமயந்தி சிஸ்டரிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"சாப்பாட்டுனால மட்டும் ஏறாதும்மா" என்றாள் சிஸ்டர். "மனசு நொந்து கெடந்தாலும் சுகர் ஏறும். உங்க அம்மாவுக்கு ஏதும் கவலையா?"

வீட்டில் அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். வேலியில் ஒரு சத்தம் கேட்டால் தலை நிமிரும், பிறகு குனியும். அந்த நேரத்தில் இசக்கியின் மணிக்கட்டு சுட்டுக்கொண்டு வரும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தன் கையில் கிடந்து கொதிப்பது என்னவென்று. அம்மா லூர்து அத்தைக்காக ஏங்குகிறாள். அந்த ஏக்கத்தைத் தன் தோலிலேயே கட்டிக்கொண்டு திரிகிறோம். பிடுங்கியும் ஒன்றும் கைக்கு வரவில்லை. முன்பு தூரத்திலிருந்து பொறாமைப்பட்டாள். இப்போது பக்கத்திலிருந்து பட்டாள், அவ்வளவுதான்.

அதோடு பயமும் சேர்ந்துகொண்டது. தெருவில் லூர்து அத்தை எதிரே வந்தால் இசக்கிக்கு உடம்பெல்லாம் உதறும். அம்மா பேச்சுவாக்கில் "லூர்து" என்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். கை நடுங்கும்போதெல்லாம் அது அம்மாவுக்கு இறங்குகிறதா, தனக்குப் பயமா என்று பிரிக்கத் தெரியாமல் போனது. முதலில் ஒவ்வொரு தடவையும் கருப்பட்டியோடு ஓடினாள். அம்மா "எனக்கு ஒண்ணுமில்லட்டி" என்பாள். பார்த்தால் ஒன்றும் இருக்காது. அப்படி ஓடி ஓடி அலுத்து, நடுக்கம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பழகினாள்.

கடைசியில் அந்தக் காலை வந்தது. அம்மா சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"இன்னைக்கு லூர்துகிட்ட நேராவே போய்க் கேட்டுரப் போறேன்."

"கேக்கக்கூடாதும்பிய?"

"ஊரு என்ன சொன்னாச் சொல்லிட்டுப் போவுது. எனக்கு மனசு கேக்கல."

இசக்கி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். இசக்கி சீப்பைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டாள். அம்மா போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் வகுப்பு நடந்தது. டீச்சர் கரும்பலகையில் எழுதியது எதுவும் இசக்கியின் கண்ணில் படவில்லை. இந்நேரம் அம்மா வரப்பில் நடந்துகொண்டிருப்பாள். இந்நேரம் கேட்டிருப்பாள். "நான் எப்பளா சொன்னேன்" என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கை நடுங்க ஆரம்பித்தது. பெஞ்சுக்கு அடியில் மறைத்துக்கொண்டாள். மணிக்கட்டிலிருந்து குளிர் முழங்கை வரைக்கும் ஏறியது. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எழுந்து ஓட வேண்டும் என்று கால் சொன்னது. ஓடினால் அங்கே இரண்டு பேரும் இருப்பார்கள். அவள் ஓடவில்லை.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் சட்டென்று நின்றது. குளிரும் இல்லை, சூடும் இல்லை. காப்பு முதல் நாள் மாதிரி வெறும் ரப்பராகிவிட்டது. அப்பாடா, பயம் போய்விட்டது என்று இசக்கி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் ரத்தம் உறைந்துவிடும்.

உப்பளத்திலிருந்து ஒரு ஆள் பைக்கில் வந்து தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றான்.

சுகாதார நிலையத்தில் அம்மாவின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. ஒரு பக்கக் கன்னம் முழுக்கத் தோல் உரிந்து, மருந்து பூசிச் சிவந்திருந்தது. உப்பு விளையும் பாத்தியில், காப்புப் போட்ட கையும் தண்ணீருக்குள் முங்க, முகம் குப்புற விழுந்திருக்கிறாள். உப்புத் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து வேகவைத்துவிட்டன. கட்டில் காலடியில், முட்டி வரைக்கும் சேற்றோடு, லூர்து அத்தை நின்றாள்.

"அவ வரப்புல வாரதப் பாத்தேன் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "வாராளே, வந்து என்ன சொல்லப் போறான்னு வீம்புக்குத் திரும்பி நின்னுக்கிட்டேன். சத்தத்தையே காணோம். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். மடியில கருப்பட்டி கெடந்துச்சு, ஈறுல தேச்சேன்."

"காப்பில்லாம மடியில கருப்பட்டி எதுக்கு?"

"கெடந்துச்சு" என்றாள் லூர்து அத்தை எரிச்சலாக. "தெனமும் எடுத்துச் சொருகிக்கிடுத பழக்கம்."

"சரி, துணைக்காப்பு எங்க? நீங்கதானே துணை?"

"அவதான் வேண்டாம்னு சொல்லிவிட்டாளே."

"நானா?" என்றாள் அம்மா, கட்டிலிலிருந்து. "நீதானளா முடியாதுன்னு கழத்திக் குடுத்த."

அறையில் யாரும் இசக்கியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தாவணி நுனியால் மணிக்கட்டை மூடிக்கொண்டு கதவோரம் நின்றாள். அம்மா தன் கையை, ஊசி குத்தாத கையை, மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

"நடுங்குது" என்றாள்.

சிஸ்டர் பதறிக்கொண்டு வந்து விரலில் குத்திப் பார்த்தாள். "இல்லியே, சுகர் ஏறிருச்சே. நல்லாத்தான இருக்கு."

"இது என் நடுக்கமில்ல சிஸ்டர்." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "கதவுகிட்ட நிக்காளே, அவ நடுக்கம்."

தமயந்தி சிஸ்டரின் முகம் மாறியது. சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தடுமாறினாள். "ரெண்டு காப்பும் ஒண்ணுதான்" என்றாள் பிறகு. "நோயாளிக்குத் தனியா, துணைக்குத் தனியா செஞ்சா விலை கூடுதுன்னு ரெண்டையும் ஒரே மாதிரி செஞ்சுட்டாங்க. அந்தக் கையில உள்ளதும் இங்க வரும். துணை நிதானமான ஆளா இருந்தா ஒண்ணும் தெரியாது. அதனால நாங்க... சொல்லல. சொன்னா யாரும் போட மாட்டீங்கன்னு."

"பயமும் வருமா?" என்றாள் லூர்து அத்தை.

"அது மனசப் படிக்காதும்மா. வேர்வையும் நடுக்கமும்தான் அதுக்குத் தெரியும். பயந்தாலும் அதேதான், சுகர் இறங்குனாலும் அதேதான்."

அம்மா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "மொத வாரமே தெரிஞ்சு போச்சுட்டி. லூர்து பேர எடுத்தா நடுங்கும். எதுவோ பண்ணிருக்கான்னு தெரிஞ்சுது. நீயா வாய் தொறப்பேன்னு பாத்தேன். இன்னைக்குக் காலைல, கேக்கப் போறேன்னு சொன்னா அப்பவாச்சும் சொல்லுவேன்னு நெனச்சேன்."

"ம்மா..."

"வரப்புல போகும்போது கை நடுங்குச்சு. பாவம், பிள்ள அங்க ஒக்காந்து பயப்படுதுன்னு நெனச்சேன். ஒன் நடுக்கம்னு நெனச்சுத்தான் கருப்பட்டி திங்காம நடந்தேன்."

"நானும்..." என்றாள் இசக்கி. "நானும் என் நடுக்கம்னுதான்..."

ஒரே நடுக்கத்தை இரண்டு கையும் மற்றதன் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கின்றன. அந்தச் சந்தில் சாவு வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

லூர்து அத்தை இசக்கிக்கு எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்று இசக்கி கண்ணை மூடினாள். அடி விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தை அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். "மருமவளே" என்று கூப்பிடவில்லை.

சங்கதி தெருவில் பரவியதும் காப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் கொண்டுவந்து போட்டது புருசனைத் துணையாகப் போட்டிருந்தவள். "அந்த ஆளு குடிச்சிட்டு வாசல்ல கால் வைக்கும்போது எனக்கு நடுங்குதது அவருக்குத் தெரிஞ்சிருக்கு சிஸ்டர். சிரிச்சுக்கிட்டே வருவாரு" என்றாள். இன்னொருத்தி மருமகளோடு பேச்சை நிறுத்தினாள். சர்க்கரையைக் காட்டிக்கொடுத்தால் பரவாயில்லை, சங்கடத்தைக் காட்டிக்கொடுத்தால் யார் போடுவார்கள்? சிஸ்டரின் பை நிறைந்துவிட்டது.

அம்மா மட்டும் கொடுக்கவில்லை. கன்னத்தில் புண் ஆறி, வெளுத்த தழும்பாக நின்றபோது லூர்து அத்தை இவர்கள் வீட்டுக்கு வந்தாள். இசக்கி இருக்கும் திசையைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"நீயே போட்டுக்களா" என்றாள் அம்மா.

"எனக்கு வேண்டாந்தாயி. இத்தன நாளும் எம் மனசுல ஓடுனதெல்லாம் ஒனக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு நெனச்சாலே கூசுது."

"ஒன் கையில இருந்து ஒரு மண்ணும் வரல. நீ கல்லு. அதனாலதான ஒன்னச் சொன்னேன்." அம்மா இசக்கியைப் பார்த்தாள். "இவளுக்கு எம்மேல பாசத்தவிட பயந்தான் கூட. ராத்திரி நான் மூச்சு விடுதனான்னு மூக்குல கை வச்சுப் பாக்கா. இவ கையில இதக் கட்டுனா இவளுக்குத் தூக்கம் எங்க வரும்?"

"பொறவு?"

"கட்டிட்டா. இனி கழத்துனா மட்டும் பயம் போயிருமா? இருக்கட்டும். எது அவ நடுக்கம், எது எந்நடுக்கம்னு பிரிச்சுப் படிக்கட்டும். நானும் படிக்கேன். நடுங்குனா ரெண்டு பேரும் கருப்பட்டி திங்க வேண்டியதுதான்."

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது இசக்கிக்கு. சந்தோசப்படத்தான் தெரியவில்லை.

அம்மா மறுபடி உப்பளத்துக்குப் போன முதல் நாள் வகுப்பில் இருக்கும்போது மணிக்கட்டு இதமாகக் குளிர்ந்தது. கெட்ட குளிர் இல்லை. மாதக்கணக்கில் கனத்துக் கிடந்த சூடு, பானைத் தண்ணீரில் கை வைத்ததுபோல அடங்கிவிட்டது. இசக்கிக்குப் புரிந்தது: லூர்து அத்தை எதிரில் வந்து நின்றிருக்கிறாள். பெட்டிக்குக் கை கொடுத்திருக்கிறாள். தான் எத்தனை ஊசி போட்டும், எத்தனை சோறு குறைத்தும் இறங்காத சூடு அது.

அப்புறம் திடீரென்று நடுங்கியது.

விட்டு விட்டு, குலுங்கிக் குலுங்கி. இசக்கி தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பயப்படும்படி இன்றைக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் இது தன்னுடையது இல்லை. டீச்சரிடம் சொன்னாளா இல்லையா என்பதுகூட நினைவில்லை. செருப்பை விட்டுவிட்டு மதில் சந்து வழியாக ஓடினாள். கருவேலங்காட்டைத் தாண்டி, வரப்பில் ஏறி, கண் கூசும் வெள்ளையில் அம்மாவைத் தேடினாள்.

அம்மா விழவில்லை. உப்பு அம்பாரத்தின் நிழலில் லூர்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தழும்புக் கன்னம் இழுத்துக்கொள்ளக் கண்ணில் நீர் வழிந்தது. லூர்து அத்தை சும்மாட்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, ஸ்கூலு என்னாச்சு?"

"நடுங்குச்சு" என்றாள் இசக்கி மூச்சிரைக்க. "இறங்கிட்டோன்னு..."

"இறங்கலட்டி. சிரிச்சேன்."

"எதுக்கு?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மாதான்" என்றாள் அம்மா.

இசக்கிக்கு அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய எரிச்சல் கிளம்பி நெஞ்சு வழியாகக் கைக்கு இறங்கியது. அம்மா சட்டென்று தன் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏளா லூர்து, இந்தா, சுடுது பாரு."

"ஒனக்கா?"

"எனக்கு இல்ல. ஒன் மருமவளுக்கு."

லூர்து அத்தை முதல் தடவையாக இசக்கியை நிமிர்ந்து பார்த்தாள். ஏற இறங்க, அவள் வெறுங்காலையும் வேர்த்த முகத்தையும் பார்த்தாள். "இதுக்கு மாத்திரை இருக்கான்னு சிஸ்டர்ட்ட கேளு" என்றாள். இரண்டு பேருக்கும் மறுபடி சிரிப்பு பீறிட்டது.

இசக்கியின் கையில் காப்பு குலுங்கியது. அவள் பயப்படாமல் அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். எதற்குச் சிரித்தார்கள் என்பதைக் கடைசிவரை அவர்கள் சொல்லவேயில்லை.